சீனப் பங்குச் சந்தையில் சிறு சேமிப்பாளரின் இடம்

அவைத்தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

சீனப் பொருளாதாரத்தைப் பற்றி நாம் பேசத் தொடங்கினால் பேச்சு தொழிற்சாலைகள், ஏற்றுமதி, அதிவேக ரயில் என்றே ஓடுகிறது. அந்நாட்டின் பங்குச் சந்தையில் தம் சேமிப்பைப் போட்டிருக்கும் கோடிக்கணக்கான சாமானிய மக்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியரும், கடை வைத்திருப்பவரும், மாலை நேரத்தில் கைப்பேசியில் விலை பார்க்கும் ஆலைத் தொழிலாளியும் அந்தக் கூட்டத்தில் அடக்கம். அந்தச் சந்தை எதற்காகத் தொடங்கப்பட்டது, அது வளர்ந்தபோது ஏற்பட்ட அடிகள் யார்மீது விழுந்தன என்பதைச் சொல்வதற்காகவே இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

1986ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி, நியூயார்க் பங்குச் சந்தையின் தலைவராக இருந்த ஜான் ஃபெலனுக்கு சீனத் தலைவர் டெங் சியாவ்பிங் பெய்ஜிங்கில் ஒரு பரிசு கொடுத்தார். ஷாங்காயைச் சேர்ந்த ஃபெய்லோ என்னும் ஒலிக்கருவி நிறுவனத்தின் ஒற்றைப் பங்குப் பத்திரம் அது. முகமதிப்பு 50 யுவான். பத்திரத்தைக் கையில் வாங்கிய ஃபெலன், அது வேறொருவர் பெயரில் இருப்பதைக் கவனித்தார். பங்கு தமது என்றால் பெயரும் தமதாக இருக்க வேண்டும் என்று அவர் ஷாங்காய்க்கே சென்று, நான்ஜிங் மேற்குச் சாலையில் சில வாரங்களுக்கு முன்புதான் திறக்கப்பட்டிருந்த ஒரு சின்னஞ்சிறு கவுண்டரில் பெயர் மாற்றம் செய்துகொண்டார். பரிசளித்தவர்களுக்கு அது நல்லெண்ணத்தின் அடையாளம். பெற்றுக்கொண்டவருக்கு அது ஒரு சொத்துரிமை. பங்கை அடையாளமாகப் பார்ப்பதற்கும் உரிமையாகப் பார்ப்பதற்கும் இடையே இருக்கும் தூரத்தைக் கடக்கத்தான் சீனச் சந்தைக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பது என் கருத்து.

சீனாவுக்குப் பங்கு வணிகம் புதிது அன்று. 1910இல் ஷாங்காயில் ரப்பர் பங்குகளின்மீது ஒரு வெறி கிளம்பி, மலாயாவிலும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலும் தோட்டம் வைத்திருப்பதாகச் சொன்ன நிறுவனங்களின் பங்குகள் கண்மூடித்தனமாக விலையேறின. அவ்வாண்டின் நடுவில் ரப்பர் விலை சரிந்ததும், கடன் கொடுத்திருந்த உள்ளூர் வட்டிக்கடைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. மலாயாத் தோட்டங்களில் பால்வெட்டிய நம்மவர்களின் உழைப்பும் அந்தப் பங்குத் தாள்களின் பின்னால் இருந்தது என்பதை இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

இன்றைய ஷாங்காய்ச் சந்தை 1990 டிசம்பர் 19ஆம் தேதி, ஒரு பழைய ஓட்டலின் கூடத்தில், வெறும் எட்டு நிறுவனங்களின் பங்குகளோடு தொடங்கியது. அந்த நாளின் மதிப்பை 100 என்று வைத்துத்தான், பங்கு விலைகளின் ஏற்ற இறக்கத்தை ஒட்டுமொத்தமாகக் காட்டும் ஷாங்காய்க் குறியீட்டெண்ணை இன்றுவரை கணக்கிடுகிறார்கள். ஷென்சென் சந்தையும் அதே காலத்தில் பிறந்தது. பொதுவுடைமைக் கட்சி ஆளும் நாட்டில் பங்குச் சந்தை இருக்கலாமா என்ற விவாதம் அப்போது ஓயவில்லை. 1992இன் தொடக்கத்தில் தென்பகுதிச் சுற்றுப்பயணம் சென்ற டெங், உறுதியோடு முயன்று பார்க்கலாம், தவறென்று தெரிந்தால் திருத்தலாம் அல்லது மூடிவிடலாம், முழுக்க மூடாமல் ஒரு வாலை மட்டும் விட்டுவைத்தாலும் சரி என்ற பொருளில் பேசினார். அரசியல் துணிச்சலுக்கு அந்தப் பேச்சைப் பாராட்டலாம். ஆனால் எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம் என்ற நிலையில் இருக்கும் ஒரு சந்தையில், பங்கு வாங்குகிறவருக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்க அன்று ஆளில்லை.

அந்த ஆண்டு மே 21ஆம் தேதி ஷாங்காயில், ஒரு நாளில் பங்கு விலை இவ்வளவுதான் ஏறி இறங்கலாம் என்ற வரம்புகள் நீக்கப்பட்டன. ஒரே நாளில் குறியீட்டெண் இரு மடங்குக்கு மேல் ஏறியது. நவம்பருக்குள் 1,400க்கு மேலிருந்து 400க்குக் கீழே விழுந்தது. அதைவிட முக்கியமான நிகழ்ச்சி ஆகஸ்டில் ஷென்செனில் நடந்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அந்நகரம் 50 கோடிப் புதிய பங்குகளை வெளியிட முடிவு செய்தது. வாங்க வருகிற கூட்டத்தை எண்ணி, பங்குகளை நேரடியாக விற்காமல், 50 லட்சம் விண்ணப்பப் படிவங்களை ஒவ்வொன்றும் 100 யுவானுக்கு விற்று, பிறகு குலுக்கலில் பத்தில் ஒரு படிவத்துக்குப் பங்கு வாங்கும் வாய்ப்பைத் தருவதாக அறிவித்தார்கள். ஒரு படிவத்துக்கு ஓர் அடையாள அட்டை வேண்டும். ஒருவர் பத்து அட்டைகள் வரை கொண்டுவரலாம். அவ்வளவுதான், நாடெங்கிலும் உறவினர்களிடமும் ஊராரிடமும் அட்டைகளைத் திரட்டி, பொட்டலம் கட்டி அஞ்சலில் ஷென்செனுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பத்து லட்சம் பேர் அளவுக்கு அந்நகரத்தில் வந்து குவிந்தனர். ஆகஸ்டு மாத வெயிலிலும் மழையிலும், இடையில் யாரும் நுழைந்துவிடக் கூடாதென்று, முன்பின் அறியாத ஆணும் பெண்ணும் முன்னால் நிற்பவரின் இடுப்பை இறுகக் கட்டிக்கொண்டு, இரவு பகலாக வரிசையில் நின்ற புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த முகங்களைப் பார்த்தால் பேராசை என்ற ஒரு சொல்லில் அதை முடித்துவிட முடியாது என்பது புரியும். பல ஆண்டுகள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்துக்கு முதன்முறையாக ஒரு வழி திறந்ததென்று நம்பி வந்தவர்கள் அவர்கள்.

விற்பனை தொடங்கிய சில மணி நேரத்தில் படிவங்கள் தீர்ந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள் நின்றவர்கள் வெறுங்கையோடு திரும்ப, பக்கத்துத் தெருவிலேயே படிவங்கள் பல மடங்கு விலைக்குக் கிடைத்தன. விற்க வேண்டியவர்களே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படிவங்களைத் தமக்கும் தம்மவர்க்கும் ஒதுக்கிக்கொண்டது பின்னால் நடந்த விசாரணையில் வெளிவந்தது. ஆகஸ்டு 10ஆம் தேதி மாலை மக்கள் தெருவில் இறங்கினர், கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. அடுத்த ஆண்டுக்குரிய ஒதுக்கீட்டிலிருந்து மேலும் 5 லட்சம் படிவங்களை விற்பதாக அறிவித்துத்தான் நகர நிர்வாகம் நிலைமையை அடக்கியது. இரண்டே மாதத்தில், அக்டோபரில், சீனப் பங்குபத்திர ஒழுங்குமுறை ஆணையம் அமைக்கப்பட்டது. சந்தை திறந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்தே அதற்கொரு காவலர் வந்தார்.

வந்த காவலருக்கும் இரண்டு வேலைகள் ஒருசேரக் கொடுக்கப்பட்டன. சந்தையில் நேர்மையைக் காக்க வேண்டும். அதே சந்தையைக் கொண்டு நொடித்த அரசு நிறுவனங்களுக்குப் பணமும் திரட்டித் தர வேண்டும். எந்த நிறுவனம் பட்டியலிட, அதாவது தன் பங்குகளைச் சந்தையில் விற்பனைக்கு வைக்க, தகுதியானது என்பதைத் தொண்ணூறுகளில் சந்தை முடிவு செய்யவில்லை. ஆண்டுக்கு இவ்வளவு பங்கு என்று மத்திய அரசு ஒரு மொத்த அளவை வகுத்து மாகாணங்களுக்கும் அமைச்சகங்களுக்கும் பங்கிட்டது. மாகாணங்கள் தம் நிறுவனங்களில் யாருக்குக் கைகொடுக்க விரும்பினவோ அவற்றை அனுப்பிவைத்தன. மூழ்கும் படகுக்கு மரத்துண்டு தேடுகிறவர், அந்த மரத்துண்டு யாருடைய வீட்டுக் கதவு என்று பார்ப்பதில்லை.

இதைவிட ஆழமான கோளாறு பங்குகளின் அமைப்பிலேயே இருந்தது. பட்டியலிட்ட நிறுவனங்களின் பங்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பகுதி, அரசும் அரசு சார்ந்த அமைப்புகளும் வைத்திருந்த, சந்தையில் விற்க முடியாத பங்குகளாக இருந்தன. இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு நிறுவனத்தின் சொத்துமதிப்பு பங்குக்கு 3 யுவான் என்றும், சந்தையில் அதன் விலை 20 யுவான் என்றும் வைத்துக்கொள்வோம். பெரும்பங்கு வைத்திருப்பவரால் அந்த 20 யுவானுக்கு விற்க முடியாது; தனிப்பட்ட முறையில் கைமாற்றினால் 3 யுவானை ஒட்டித்தான் கிடைக்கும். ஆகவே சந்தை விலை 20 ஆனாலும் 10 ஆனாலும் அவருக்கு ஒன்றும் இல்லை. புதிய பங்குகளை 20 யுவானுக்குப் பொதுமக்களிடம் விற்றால் மட்டும் சொத்துமதிப்பு உயர்ந்து அவருக்கு லாபம். வந்த பணத்தைத் தாய் நிறுவனத்துக்குக் கடனாகத் திருப்பிவிட்டால் அது இன்னும் வசதி. நிர்வாகம் அவர் கையில், விலைச் சரிவு மட்டும் சிறு முதலீட்டாளர் தலையில். 2001இல் பொருளியல் அறிஞர் வூ ஜிங்லியன் சந்தையைச் சூதாட்ட விடுதிக்கு ஒப்பிட்டபோது பலர் சினந்தார்கள். விலைகளை மட்டும் பார்க்காமல் இந்த அமைப்பையும் சேர்த்துப் பார்த்தால் அவருடைய கவலை எவ்வளவு நியாயமானது என்று தெரியும்.

அதே 2001 ஜூனில், அரசுப் பங்குகளின் ஒரு பகுதியைச் சந்தை விலைக்கே விற்கும் திட்டம் வெளியானது. அடைபட்டுக் கிடந்த பங்குகள் அணை உடைந்ததுபோல் வரும் என்ற அச்சத்தில் சந்தை சரிந்தது. திட்டத்தை முதலில் நிறுத்திவைத்து, பிறகு கைவிட்டார்கள். ஆனாலும் 2,245இல் இருந்த குறியீட்டெண் 2005 ஜூனில் 1,000க்குக் கீழே தொட்டது. நான்கு ஆண்டுகள் அது இறங்கிக்கொண்டே இருந்தது. நாட்டின் பொருளாதாரமோ அதே காலத்தில் விரைந்து வளர்ந்துகொண்டிருந்தது.

2005 ஏப்ரலில் தொடங்கிய சீர்திருத்தம் வேறு வழியில் சென்றது. விற்க முடியாத பங்குகளை விற்கத்தக்கவையாக மாற்ற விரும்பும் பெரும்பங்காளர், அதனால் மற்றவர்களுக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்யப் பங்காகவோ பணமாகவோ ஏதேனும் தர வேண்டும். வாக்களிக்கும் சந்தைப் பங்குதாரர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தனியே வேண்டும். முதல் சுற்றில் நான்கு நிறுவனங்கள் முன்வந்தன. அவற்றில் சானி என்னும் கனரக இயந்திர நிறுவனம், பங்குதாரர்கள் முணுமுணுத்ததும் தன் ஈட்டை உயர்த்தி ஒப்புதல் பெற்றது. சிங்ஹுவா டோங்ஃபாங் நிறுவனத்தின் திட்டத்தைப் பங்குதாரர்கள் தோற்கடித்தார்கள். இந்தத் தோல்வியைத்தான் சீனச் சந்தை வரலாற்றின் பெருமைக்குரிய நாட்களில் ஒன்றாக நான் கருதுகிறேன். வரிசையில் நின்று படிவம் கேட்டவர்களால், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, ஒரு நிர்வாகத்தைப் பார்த்து இது போதாது என்று சொல்லி அதைச் செல்லுபடியாக்கவும் முடிந்தது.

ஆனால் அந்தப் பாடம் ஊன்றுவதற்குள் ஏற்றம் வந்துவிட்டது. 2007 அக்டோபர் 16 அன்று குறியீட்டெண் 6,124ஐத் தொட்டது. மூன்று வாரத்தில் பெட்ரோசைனா நிறுவனம் 16.70 யுவானுக்கு வெளியிட்ட பங்கு, ஷாங்காயில் 48.60 யுவானில் தொடங்கியது. அன்று அதை வாங்கியவர்களில் எத்தனையோ பேர் இன்றும் அந்த விலையைப் பார்க்கவில்லை. ஓராண்டில் குறியீட்டெண் 1,664.

2015க்கு வருகிறேன். வங்கி வட்டி குறைவு. வெளிநாட்டில் முதலீடு செய்யத் தடைகள். வீட்டு விலை எட்டாத உயரம். சேமித்தவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லாத அந்த நிலையில், கட்சி நாளிதழின் இணையதளம் ஏப்ரலில், குறியீட்டெண் 4,000 என்பது ஏற்றத்தின் தொடக்கமே என்று எழுதியது. அரசே அழைக்கிறது என்று மக்கள் புரிந்துகொண்டார்கள்; வேறு எப்படிப் புரிந்துகொள்வார்கள்? கையிலிருந்த பணத்தோடு கடனும் வாங்கிப் போட்டார்கள். தரகு நிறுவனங்கள் முறைப்படி கொடுத்த கடன் மட்டும் 2.27 லட்சம் கோடி யுவான் வரை சென்றது. கணக்கில் வராத கடன் தனி. ஜூன் 12 அன்று 5,178ஐத் தொட்ட சந்தை, நான்கே வாரத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்தது. விலை இறங்க இறங்கக் கடன் கொடுத்தவர்கள் அடகுப் பங்குகளை விற்க, அந்த விற்பனையே விலையை மேலும் இறக்கியது. ஏறக்குறைய பாதி நிறுவனங்கள் தம் பங்கு வணிகத்தைத் தாமே நிறுத்திக்கொண்டன. பெரும்பங்காளர்கள் ஆறு மாதம் விற்கக் கூடாது, புதிய வெளியீடுகள் கூடாது என்று அரசு தடைகளை விதித்து, தானே பங்குகளை வாங்கவும் இறங்கியது.

அடுத்த ஜனவரியில் இன்னொரு மருந்து கொடுத்தார்கள். குறியீட்டெண் 5 சதவீதம் அசைந்தால் பதினைந்து நிமிட இடைநிறுத்தம், 7 சதவீதம் என்றால் அன்றைக்குச் சந்தை மூடல். பதற்றத்தைத் தணிக்க வந்த விதி, கதவு மூடப்படுமுன் வெளியேற வேண்டும் என்ற பதற்றத்தையே வளர்த்தது. ஜனவரி 7 அன்று காலை 9.30க்குத் திறந்த சந்தை பத்து மணிக்கு முன்பே மூடப்பட்டது. நடைமுறைக்கு வந்த நான்காவது வணிக நாளிலேயே விதி விலக்கிக்கொள்ளப்பட்டது.

சீனாவில் சிறு முதலீட்டாளரைக் குறிக்க ஜியுசாய் என்று ஒரு சொல் வழங்குகிறது. பூண்டு மணம் வீசும் ஒரு கீரை அது. அறுக்க அறுக்க மறுபடி துளிர்க்கும். தம்மைத் தாமே அந்தப் பெயரால் அழைத்துக்கொள்ளும் நிலைக்கு மக்கள் வந்துவிட்டதைக் காணும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. அவர்களை அறுத்ததில் விலைச்சரிவுக்கு இணையான பங்கு பொய்க்கணக்குக்கும் உண்டு. டாலியன் கடற்கரைக்கு அப்பால் சிப்பி வளர்த்த ஜாங்சிதாவ் நிறுவனம், 2014இல் குளிர்நீரோட்டத்தால் சிப்பிகள் அழிந்தன என்றது. 2018இல் அவை பட்டினியால் இறந்தன என்றது. கடலுக்கடியில் போய் யார் எண்ணுவது? இறுதியில் ஆணையம் அந்நிறுவனத்தின் 27 படகுகளுடைய செயற்கைக்கோள் வழித்தடங்களை எடுத்து, எந்த நாளில் எங்கே சிப்பி அள்ளப்பட்டது என்று வரைபடமிட்டு, கணக்கு பொய் என்று நிறுவியது. 2020இல் விதித்த அபராதம் 6 லட்சம் யுவான். பழைய சட்டத்தின் உச்சவரம்பே அவ்வளவுதான். சுமார் 3,000 கோடி யுவான் ரொக்கம் கையில் இருப்பதாகப் பொய்க்கணக்குக் காட்டிய காங்மெய் மருந்து நிறுவனத்துக்கும் அதே 6 லட்சம்தான். 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், இத்தகைய பொய்த்தகவலுக்கான அபராதத்தை 1 கோடி யுவான் வரை உயர்த்தியது. நிறுவனங்களைத் தேர்ந்து அனுமதிக்கும் பழைய முறையும் படிப்படியாக விலகி, உண்மைத் தகவலைத் தாக்கல் செய்து பதிவுசெய்யும் முறை 2023இல் சந்தை முழுவதற்கும் வந்தது.

புதிய சட்டம் இன்னொரு கதவையும் திறந்தது. முதலீட்டாளர் பாதுகாப்புக்கான ஒரு பொது அமைப்பு, பாதிக்கப்பட்ட ஐம்பது பேரின் ஒப்புதலோடு வழக்கில் நுழைந்தால், விலகுவதாகச் சொல்லாத அத்தனை பேரும் வழக்காளிகளாகக் கருதப்படுவார்கள். காங்மெய் வழக்கில்தான் அது முதன்முதலாகப் பயன்பட்டது. 2021 நவம்பர் 12 அன்று குவாங்சோ நீதிமன்றம், 52,037 முதலீட்டாளர்களுக்கு 245.9 கோடி யுவான் இழப்பீடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்நிறுவனத்தின் நிதி அறிக்கைகளில் கையெழுத்திட்டிருந்த ஐந்து சுயேச்சை இயக்குநர்களும், அதாவது நிர்வாகத்தைச் சாராமல் மேற்பார்வை செய்ய அமர்த்தப்பட்டவர்களும், அதில் 5 முதல் 10 சதவீதம் வரை பொறுப்பேற்க வேண்டும் என்றும் கூறியது. குறைந்த விகிதமான 5 சதவீதமே 12 கோடி யுவானுக்கு மேல். அவர்கள் ஆண்டுக்குப் பெற்ற ஊதியத்தைப்போல் பன்மடங்கு. தீர்ப்பு வெளியான சில வாரங்களுக்குள், சீனாவெங்கும் பட்டியலிட்ட பல நிறுவனங்களின் சுயேச்சை இயக்குநர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள்.

நன்றி, வணக்கம்.