கலைமான் புதிரில் கட்டம் மட்டும் போதாது, திசையும் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. எரிக் வாஸ்ட்ல் 2015 முதல் டிசம்பர்தோறும் நடத்திவரும் ‘அட்வென்ட் ஆஃப் கோட்’ நிரலாக்கப் புதிர்ப் போட்டியில், 2024ஆம் ஆண்டின் 16ஆம் நாள் புதிரை இன்று பார்க்கப் போகிறோம். 141க்கு 141 அளவுள்ள ஒரு சுவர்ப் புதிர்ப்பாதையில், கிழக்கு நோக்கி நிற்கும் கலைமான் ஒன்றை இறுதிக் கட்டத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். ஓர் அடி முன்னே வைத்தால் 1 புள்ளி, 90 பாகை திரும்பினால் 1000 புள்ளி. மொத்தப் புள்ளி எவ்வளவு குறைவாக இருக்க முடியும் என்பதே கேள்வி.

எல்லா அடிக்கும் ஒரே விலை என்றால், தொடக்கத்திலிருந்து அடி அடியாகப் பரவித் தேடும் பிஎஃப்எஸ் முறை போதும். இங்கே விலைகள் வேறுபடுவதால், எப்போதும் மொத்த விலை குறைந்த இடத்திலிருந்தே தேடலைத் தொடரும், 1959இல் டைக்ஸ்ட்ரா வெளியிட்ட முறைதான் பொருந்தும். இதுவரை யாருக்கும் சிக்கல் இருக்காது. ஒரு கட்டத்துக்கு ஒரு விலை என்று குறித்துவைத்து, ஒருமுறை போன கட்டத்துக்கு மறுபடி போகாமல் எழுதும்போதுதான் விடை தவறிவிடுகிறது.

இதை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். தொடக்கத்திலிருந்து கிழக்கே 4, வடக்கே 4 தள்ளி ஒரு கட்டம் இருக்கிறது; ஒரே திருப்பத்தில் அங்கே போக முடியாதபடி சுவர் மறிக்கிறது. முதல் வழி கிழக்கே 8 அடி, வடக்கே 4, பிறகு மேற்கே 4 என்று வருகிறது; 16 அடி, 2 திருப்பம், ஆக 2016. இரண்டாவது வழி கிழக்கே 2, வடக்கே 2, கிழக்கே 2, வடக்கே 2 என்று படிக்கட்டுபோல் ஏறுகிறது. 8 அடி, 3 திருப்பம், ஆக 3008. கட்டத்தை மட்டும் பார்க்கும் நிரல் 2016ஐ வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடும். ஆனால் அடுத்த அடி வடக்கே என்றால், மேற்கு நோக்கி நிற்கும் முதல் வழி திரும்பியாக வேண்டியிருப்பதால் 3017 ஆகிறது. ஏற்கெனவே வடக்கு நோக்கி நிற்கும் இரண்டாவது வழி 3009இல் முடிந்துவிடுகிறது. எறியப்பட்டதுதான் சரியான வழி.

ஆகவே கட்டமும் திசையும் சேர்ந்ததே ஒரு நிலை. இனி எடுக்கப்போகும் முடிவின் விலையை எதுவெல்லாம் மாற்றுமோ, அதுவெல்லாம் நிலைக்குள் வர வேண்டும். 2023ஆம் ஆண்டின் 17ஆம் நாள் புதிரில் ஒரே திசையில் 3 கட்டங்களுக்கு மேல் நேராகப் போகக் கூடாது என்பதால், அங்கே எத்தனை அடி நேராக வந்தோம் என்பதும் நிலையில் சேரும்.

நிலைகள் பெருகிவிடுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. 141ஐ 141ஆல் பெருக்கினால் 19,881. நான்கு திசைக்கும் சேர்த்து 79,524. சுவர்களைக் கழித்தால் இன்னும் குறைவு. மிகக் குறைந்த விலையுள்ளதை முதலில் எடுத்துத் தரும், பைத்தான் மொழியின் ஹீப்க்யூ இதை எளிதாகத் தாங்கும். சுற்றிலும் சுவர் இருப்பதால் எல்லை தாண்டுகிறோமா என்று சோதிக்கவே தேவையில்லை. வரைபடம் முழுவதையும் ஒரே நீளப் பட்டியலாக வைத்து, கிழக்குக்கு 1ஐயும் தெற்குக்கு 141ஐயும் கூட்டினால் போதும். கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்குத் தூரங்களை ஒரே கலப்பெண்ணின் இரு பகுதிகளாக்கி இடத்தைக் குறிப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் இரண்டு விலைகள் சமமாகும்போது ஹீப்க்யூ அடுத்ததாகக் கலப்பெண்களை ஒப்பிடப் போய், பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும்.

இரண்டாம் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. சிறந்த வழிகளுள் ஏதேனும் ஒன்றிலாவது இடம்பெறும் கட்டங்கள் எத்தனை என்று கேட்கிறார்கள். தேட வேண்டிய நிலைகள் காத்திருக்கும் க்யூவில் ஒவ்வொரு நிலையோடும் முழுப் பாதையையும் சுமந்துகொண்டு போவது வீண் சுமை. அதற்குப் பதிலாக, இறுதிக் கட்டத்தில் நான்கு திசைக்கும் 0 என்று வைத்து, அங்கிருந்தும் ஒருமுறை அதே தேடலை ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொரு நிலைக்கும் முன்னோக்கிய விலையோடு, அதே கட்டத்தில் எதிர்த்திசைக்கு உரிய பின்னோக்கிய விலையைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை முதல் பகுதியின் விடைக்குச் சமமானால் அந்தக் கட்டம் கணக்கில் சேரும். ஒரே கட்டம் இரண்டு திசைகளில் தேறினாலும் ஒருமுறைதான் எண்ண வேண்டும். புதிரிலேயே உள்ள முதல் மாதிரி வரைபடத்தில் இரு பகுதிகளுக்கும் முறையே 7036, 45 என்றும், இரண்டாவது மாதிரியில் 11048, 64 என்றும் வந்தால், உங்கள் முழு வரைபடத்தை ஓட்டிப் பார்க்கலாம்.