மன்னார்க் கடலில் கிடக்கும் வாயு

வணக்கம் நேயர்களே. 2022ஆம் ஆண்டு இலங்கையில் சமையல் வாயுவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, வெறும் சிலிண்டரோடு வெயிலில் கால்கடுக்க நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி நின்ற ஒரு நாளில், பக்கத்தில் நின்ற பெரியவர் என்னிடம் கேட்டார்: “தம்பி, மன்னார்க் கடலில் காஸ் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எப்போதோ சொன்னார்களே, அது எங்கே?”

எங்கும் போகவில்லை, அங்கேயேதான் கிடக்கிறது.

2011இல் கெய்ர்ன் லங்கா நிறுவனம் ‘சிக்கியூ’ என்ற கப்பலைக் கொண்டுவந்து துளையிட்டது. பூமியின் உட்புறத்தை ஆராய யப்பானியர் கட்டிய கப்பல் அது. அவர்களுடைய மொழியில் சிக்கியூ என்றால் பூமி. ஒக்டோபரில் டொராடோ கிணற்றில் வாயு தென்பட்டது. அடுத்த மாதமே பரக்குடாவிலும். இரண்டும் மீன்களின் பெயர்கள்; பரக்குடா நம்முடைய சீலாதான். பிறகு துளைத்த இடங்களில் அதிர்ஷ்டம் இல்லை. 2015இல் நிறுவனம் மூட்டையைக் கட்டியது.

ஏன் போனார்கள்? 2014 நடுப்பகுதியில் ஒரு பீப்பாய் எண்ணெய் 100 டொலருக்கு மேல் விற்றது. 2015 தொடக்கத்தில் அது 50 டொலருக்கும் கீழே விழுந்துவிட்டது. டொராடோவில் கடலின் ஆழமே ஏறக்குறைய 1,350 மீற்றர். கிணறு தொடங்குவது அதற்கும் கீழே. அந்த ஆழத்தில் கருவிகளை இறக்கிக் கரைவரை குழாய் போடுவது சின்னச் செலவு இல்லை.

ஆனால் விலையை மட்டும் குறை சொல்ல நான் தயாரில்லை. எண்ணெய் என்றால் கப்பலில் ஏற்றி எந்த ஊரிலும் விற்கலாம். வாயுவை அப்படி விற்க முடியாது. குளிரவைத்துத் திரவமாக்கும் ஆலை வேண்டும், இல்லாவிட்டால் குழாயின் மறுமுனையில் வாங்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நம்மிடம் இல்லை. கொழும்புக்கு அருகே கெரவலப்பிட்டியில் 300 மெகாவாட் யுகதனவி மின்நிலையத்தை, பின்னாளில் வாயுவுக்கு மாற்றலாம் என்ற எண்ணத்தோடுதான் கட்டினார்கள். 2010 முதல் அது எண்ணெயில் ஓடியது. புத்தளம் பக்கம் நுரைச்சோலை மின்நிலையத்தின் 900 மெகாவாட்டும் நிலக்கரிதான். அதுவும் அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டே!

வாயு வந்தால் நிலையத்தை மாற்றுகிறோம் என்பார் ஒருவர். நிலையம் மாறினால் வாயு எடுக்கிறோம் என்பார் மற்றவர். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

சரி, பெரியவருக்கு வருவோம். “ஐயா, அது பெரும்பாலும் மெதேன். நம் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். மன்னார் வாயு நாளைக்கே கரைக்கு வந்தாலும் முதலில் மின்நிலையத்துக்குத்தான் போகும்” என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்போ கறன்ட் பில்லாவது குறையுமா?” என்றார். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.