நூலகக் கணினி ‘இல்லை’ என்றால்: ஓபேக்கில் தேடுவது முதல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பது வரை

[திரையில்: ஓபேக், அதாவது நூலகத்தின் தேடல் பக்கம். பெட்டியில் ‘தமிழ்நாட்டு கோவில்கள்’ என்று தட்டுகிறோம். ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்று வருகிறது.]

வணக்கம். இந்தத் தலைப்பில் ஒரு புத்தகம் பத்தடி தள்ளி அலமாரியில் இருக்கிறது. கணினி மட்டும் இல்லை என்கிறது. நிறையப் பேர் இந்த இடத்திலேயே கிளம்பிப் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் புத்தகம் இல்லாததால் இப்படி வருவதில்லை, நாம் தட்டிய சொல்லும் பதிவில் இருக்கும் சொல்லும் ஒத்துப்போகாததால்தான் வருகிறது.

இந்த வீடியோவில் கோஹா என்ற மென்பொருளை வைத்துக் காட்டுகிறோம். நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த திறமூல மென்பொருள் இது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. உங்கள் ஊர் நூலகத்தில் வேறு மென்பொருள் இருந்தாலும் அடிப்படை இதேதான்.

[திரையில்: அலமாரியில் உள்ள நூலின் அட்டை. ‘தமிழ்நாட்டுக் கோயில்கள்’.]

அட்டையைப் பாருங்கள். ‘தமிழ்நாட்டுக்’ என்று க் சேர்ந்திருக்கிறது. நாம் அந்த ஒற்றைப் போடவில்லை. அட்டையில் ‘கோயில்’, நாம் தட்டியது ‘கோவில்’. இரண்டு சொல் போட்டால் இரண்டும் இருக்கிற பதிவைத்தான் கணினி தேடும். ஒன்று பிசகினாலே முடிவு பூஜ்யம்தான். இங்கே இரண்டுமே பிசகிவிட்டன.

இதற்கு மருந்து நட்சத்திரக் குறி. சொல்லின் மாறாத பகுதியை மட்டும் தட்டி, இடைவெளி விடாமல் நட்சத்திரக் குறி போடுங்கள்.

[திரையில்: ‘தமிழ்நாட்டு* கோயில்*’. முடிவுகள் வருகின்றன.]

‘வரலாறு’ என்று தேடினால் ‘வரலாற்றில்’ என்ற தலைப்பு வராது. ‘வரலா*’ என்று போட்டால் இரண்டும் வரும். சில நூலகங்களில் இது தானாகவே நடக்கும்படி அமைத்திருப்பார்கள். எங்கே எப்படி என்று யோசிக்க வேண்டாம், குறியைப் போட்டே பழகிக்கொள்ளுங்கள். அதற்காக ‘கோ*’ என்று ஓரெழுத்தில் நிறுத்தினால் கோபுரம், கோழி, கோயம்புத்தூர் எல்லாம் வந்து குவியும். மூன்று நான்கு எழுத்தாவது வேண்டும்.

அடுத்தது கண்ணுக்கே தெரியாத பிழை.

[திரையில்: ‘தமிழர்’, ‘தமிழா்’. இரண்டும் பெரிய எழுத்தில், பக்கத்துப் பக்கத்தில்.]

இந்த இரண்டு சொல்லும் நமக்கு ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. முதல் சொல்லில் இருப்பது ர எழுத்தும் புள்ளியும். இரண்டாவதில் ர எழுத்தே இல்லை. துணைக்காலைப் போட்டு அதன் தலையில் புள்ளி வைத்திருக்கிறார்கள். பழைய எழுத்துருக்களில் தட்டிப் பழகிய கை, யூனிகோடுக்கு வந்த பிறகும் இப்படித் தட்டிவிடும். கணினிக்கு இவை வேறு வேறு சொற்கள். ஒகரம், ஓகாரத்திலும் இதே சிக்கல் உண்டு. ‘கோ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் தட்டலாம். இரண்டையும் ஒன்றாக்கும் அமைப்பு அந்த நூலகக் கணினியில் இல்லையென்றால் தேடல் தோற்றுப்போகும்.

வாசகர் என்ன செய்யலாம்? ‘ர்’ வருகிற இடத்துக்கு முன்பே நிறுத்தி, ‘தமிழ*’ என்று தேடுங்கள். அல்லது தலைப்பில் ர், கொம்பு, கால் எதுவும் சிக்காத ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, ஆசிரியர் பெயரையும் சேர்த்துத் தட்டுங்கள். புத்தகம் கிடைத்ததும் பிழையைக் கவுன்டரில் சொல்லுங்கள். பதிவைத் திருத்த ஒரு நிமிடம் போதும், அடுத்து வருபவருக்கு அந்தத் தொல்லை இராது.

ஆசிரியர் பெயருக்கு வருவோம். மு. வரதராசன் என்று ஒரு பதிவில் இருக்கும், இன்னொன்றில் வரதராசன், மு. என்று திருப்பிப் போட்டிருக்கும், மற்றொன்றில் மு.வ. மட்டும் இருக்கும். தலைப்பெழுத்தை விட்டுவிட்டு ‘வரதராச*’ என்று தேடுங்கள், பிறகு தனியாக ‘மு.வ.’ என்றும் ஒருமுறை. புனைபெயரில் எழுதியவரானால் இயற்பெயரையும் தட்டிப் பாருங்கள். புதுமைப்பித்தன் சில இடங்களில் விருத்தாசலமாக இருப்பார்.

தமிழில் எப்படித் தேடியும் கிடைக்காவிட்டால் ஆங்கில எழுத்தில் ஒருமுறை முயலுங்கள். நூலகங்கள் இசட் 39.50 என்ற வழியில் பிற நூலகங்களின் பதிவுகளை எடுத்துப் பயன்படுத்துவது வழக்கம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பதிவு வந்திருந்தால் தமிழ்ப் பெயர் அவர்களுடைய ஒலிபெயர்ப்பு முறையில் இருக்கும். ‘ழ’வுக்கு நாம் இசட் எச் போடுவோம். அவர்கள் எல் எழுத்தைப் போட்டு அடியில் சிறு கோடு இழுப்பார்கள். ‘த’வுக்கு டி (t) மட்டும்தான், எச் கிடையாது. ‘ச’வுக்கு சி (c). திருக்குறளை டி எச் என்று தொடங்கித் தட்டினால் அந்தப் பதிவு சிக்காது. மூலத் தமிழ் எழுத்து பதிவின் 880 என்ற புலத்தில், அதாவது விவரக் கட்டத்தில், தனியாக இருக்கும். அது விடுபட்டிருந்தால் தமிழ்த் தேடலுக்கு அந்தப் புத்தகம் அகப்படவே அகப்படாது.

நூலின் சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். தெரிந்தால் இந்த வம்பே இல்லை. ஆனால் 2007க்கு முன் வந்த நூல்களில் பெரும்பாலும் பத்து இலக்க எண்தான். அதற்கு முன்னால் 978ஐ ஒட்டினால் மட்டும் பதின்மூன்று இலக்க எண் ஆகிவிடாது, கடைசிச் சரிபார்ப்பு இலக்கமும் மாறும். அட்டையில் உள்ளதை உள்ளபடியே தட்டுங்கள்.

[திரையில்: ஒரு நூலின் பதிவு. கீழே பிரதிகளின் பட்டியல்: கிளை, அழைப்பெண், நிலை, பார்கோடு.]

மேலே இருப்பது நூலைப் பற்றிய விவரம். கீழே இருக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு பிரதி. ‘நிலை’ என்ற கட்டத்தைப் பாருங்கள். ‘இரவலில்’ என்றால் திரும்ப வேண்டிய தேதியும் கூடவே இருக்கும். ‘இரவலுக்கு இல்லை’ என்றால் அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டியது. ‘இடமாற்றத்தில்’ என்றால் ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அலமாரியில் நூலின் இடத்தைச் சொல்லும் அழைப்பெண்ணை முழுதாகக் குறித்துக்கொள்ளுங்கள், கீழ்வரியில் உள்ள ஆசிரியர் எழுத்துகளையும் சேர்த்து.

[திரையில்: அலமாரி. முதுகுச் சீட்டுகள் வரிசையாக: 954.8, 954.82, 954.9, 954.93.]

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி முறையில் 954.82 தமிழ்நாட்டு வரலாறு. 82 பெரிய எண், 9 சின்னது என்று நினைத்து 954.9ஐத் தாண்டிப் போய்த் தேடுகிறவர்கள் உண்டு. புள்ளிக்குப் பின் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட வேண்டும். 8க்குப் பிறகுதான் 9, ஆகவே 954.82 முதலில், 954.9 பிறகு. இலங்கை வரலாறான 954.93 அதற்கும் அடுத்து. தமிழ்க் கவிதை 894.8111இலும் புனைகதை 894.8113இலும் இருக்கும். கடைசி ஓர் இலக்கத்தைக் குறிக்க மறந்தால் வேறு அலமாரி முன்னால் போய் நிற்பீர்கள்.

‘உள்ளது’ என்று காட்டியும் அலமாரியில் இல்லையா? முதலில் மேல்தட்டு, கீழ்த்தட்டு, புத்தக வரிசைக்குப் பின்புறம். அடுத்து, திரும்பி வந்து இன்னும் அடுக்கப்படாத தள்ளுவண்டி. அதன் பிறகு வாசிப்பு மேசைகள். அங்கேயும் இல்லையென்றால் ஊழியரிடம் பார்கோடு எண்ணைக் கொடுங்கள். அந்தப் பிரதி கடைசியாக எப்போது ஸ்கேன் ஆனது என்பது அவர் திரையில் தெரியும். போன வாரம் என்றால் இங்கேதான் எங்கோ இருக்கிறது. ஐந்தாறு வருடம் முன்பு என்றால் காணாமல் போனதாகக் குறிக்கச் சொல்லுங்கள். அப்படிக் குறிக்காதவரை அடுத்தடுத்து வருபவர்களும் வீணாக அலைவார்கள். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பதை நூலகத்தின் விதிகளில் ஒன்றாகவே சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிவைத்தார். அதை நிறைவேற்றுவதில் நமக்கும் பங்கு உண்டு.

[திரையில்: ‘முன்பதிவு’ பொத்தான்.]

முன்பதிவில் இரண்டு வகை. ‘அடுத்து வரும் எந்தப் பிரதியும்’ என்று கேட்பது வேகமானது. பல பாகங்கள் கொண்ட நூலுக்கு மட்டும் அதைத் தொடாதீர்கள். ஐந்து பாகமும் ஒரே பதிவின் கீழ் இருந்தால், இரண்டாம் பாகம் கேட்ட உங்களுக்கு ஐந்தாம் பாகம் வந்து நிற்கும். ‘குறிப்பிட்ட பிரதி’யைத் தேர்ந்தெடுத்து, பாக எண்ணைப் பார்த்து டிக் செய்யுங்கள். வந்த புத்தகத்தை எத்தனை நாள் எடுத்துவைப்பது என்பதை நூலகம் முடிவு செய்யும். கோஹாவில் மாற்றாமல் விட்டால் 7 நாள். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் முன்பதிவை ரத்து செய்ய வேண்டாம், அந்த வசதியை நூலகம் திறந்துவைத்திருந்தால் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். வரிசையில் உங்கள் இடம் போகாது.

புதுப்பிக்கும் பொத்தான் வரவில்லையென்றால் வேறு யாரோ முன்பதிவு செய்திருப்பார்கள், அல்லது அனுமதித்த தடவைகள் தீர்ந்திருக்கும், அல்லது அபராத பாக்கி வரம்பைத் தாண்டியிருக்கும். ஒன்றை மட்டும் கவுன்டரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: புதிய கெடு பழைய கெடு தேதியிலிருந்து எண்ணப்படுகிறதா, பொத்தானை அழுத்திய நாளிலிருந்தா? பின்னதானால், நாலு நாள் முன்னாடியே புதுப்பித்தால் அந்த நாலு நாளும் நஷ்டம்.

[திரையில்: தானியங்கி இரவல் இயந்திரம். தட்டின் மேல் ஆறு மெல்லிய நூல்கள். திரையில் ‘5’.]

நூலில் ஒட்டிய சில்லை ரேடியோ அலையால் படிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. இயந்திரத்தில் மெல்லிய நூல்களை அடுக்கி வைத்தால், சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படிந்து ஒன்று படிக்கப்படாமல் போகலாம். கையில் ஆறு, திரையில் ஐந்து. எடுக்கும்போது இப்படி ஆனால் வாசலில் மணி அடிக்கும். திருப்பும்போது ஆனால் அந்த ஒரு நூல் உங்கள் கணக்கிலேயே தங்கிவிடும். அடுக்கைக் கொஞ்சம் கலைத்து மறுபடி வையுங்கள்.

திருப்பும் புத்தகத்தை நீங்களே கொண்டுபோய் அலமாரியில் வைக்காதீர்கள். ஸ்கேன் ஆகாதவரை அது உங்கள் பெயரில்தான் இருக்கும், கெடு முடிந்ததும் அபராதம் ஏறும். வெளியே உள்ள பெட்டியில் விடுமுறை நாளில் போட்டால் ஊழியர் முந்தைய வேலைநாள் தேதியிட்டுத் திரும்பப் பெறும் வசதி கோஹாவில் இருக்கிறது. அவர் அதை மறந்துவிட்டால் ஒரு நாள் அபராதம் தவறாக விழும். மறுநாள் உங்கள் கணக்கைத் திறந்து, ‘இரவலில் உள்ளவை’ பட்டியலில் அந்த நூல் போய்விட்டதா, அபராதக் கட்டத்தில் தொகை ஏதும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் அன்றைக்கே கவுன்டரில் சொல்லுங்கள், பெட்டியில் போட்ட நாளையும் நேரத்தையும் சேர்த்து.