தெருக்கூத்துக் குழுவுக்கு ஊராட்சி நிதி கொடுக்கலாமா?

அடுத்த கேள்வி உத்திரமேரூர் பக்கத்துலேருந்து. "பன்னிரண்டு பேர் சேர்ந்து தெருக்கூத்துக் குழு வச்சிருக்கோம். ஊராட்சியில உதவி கேட்டா, கலைக்கெல்லாம் நிதி கிடையாதுன்னு செயலர் சொல்றார். இது சரியா?"ன்னு கேட்டிருக்காங்க.

சட்டத்துல அப்படித் தடை எதுவும் இல்லைங்க. அரசியலமைப்போட 11ஆவது அட்டவணையில ஊராட்சிகளுக்குன்னு 29 பொருள் சொல்லியிருக்கு. அதுல 21ஆவது பண்பாட்டு நடவடிக்கைகள். பணத்துக்கு வருவோம். ஒன்றிய அரசு ஊராட்சிகளுக்குத் தந்த 2021-26க்கான 15ஆவது நிதிக் குழு மானியத்துல 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்னு கட்டிப் போட்டிருந்தது. மீதி 40 சதவீதத்தை இந்த 29 பொருள்ல ஊருக்கு எது தேவையோ அதுக்குச் செலவு பண்ணலாம், சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் மட்டும் கூடாதுன்னுதான் அதுல விதி இருந்தது. ஆக, இடம் இருக்கு.

அப்புறம் ஏன் செயலர் மறுக்கிறார்? தணிக்கைதான். திட்டத்துல இல்லாத செலவை "நன்கொடை"ன்னு எழுதிக் கொடுத்தா தணிக்கையில தடை எழுதுவாங்க, அதுக்கு அவரும் தலைவரும்தான் பதில் சொல்லணும். அவர் பயம் நியாயமானது. அதனால நன்கொடைன்னு கேக்காதீங்க. திட்டத்துல ஒரு வேலையா சேர்க்கச் சொல்லிக் கேளுங்க.

அதுக்கு நேரம் முக்கியம். அடுத்த வருஷத்துக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டித்தான் ஆரம்பிக்குது. பங்குனி, சித்திரையில கூத்து வச்சிக்கிட்டு மாசியில மனு கொடுத்தா ஒண்ணும் நடக்காது. செப்டம்பர் நடுவுலயே தலைவருக்கு எழுத்துல கொடுத்து, கூட்டப் பொருள்ல சேர்க்கச் சொல்லுங்க. என்ன வேலை, எந்த இடம், எத்தனை நாள், எவ்வளவு தொகைன்னு இனம் இனமா இருக்கணும். "கலை வளர்ச்சிக்கு ஆவன செய்ய"ன்னு மொட்டையா தீர்மானம் போட்டா அதை வச்சு ஒரு ரூபா எடுக்க முடியாது. கூட்டத்துக்கு ஆளும் சேரணும். 500 பேர் வரைக்கும் உள்ள ஊராட்சின்னா 50 பேர், 3,000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300. குறைஞ்சா தீர்மானம் நிக்காது. தீர்மானம் பதிவேட்டுல ஏறினதைப் பார்த்துட்டுக் கிளம்புங்க. பிறகு இ-கிராம் ஸ்வராஜ் தளத்துல உங்க ஊராட்சித் திட்டத்தைத் திறந்து, அந்த வேலை ஏறியிருக்கான்னு பாருங்க. பல ஊர்ல தீர்மானம் இருக்கும், பதிவேற்றம் பண்ணும்போது விட்டுப்போயிருக்கும்.

என்ன கேக்கலாம்? திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு ஊராட்சிப் பணம் கேக்காதீங்க. அது கோயில் நிதி, ஊர் வரி வழியா நடக்கட்டும். பொது இடத்துல மேடை, மின் இணைப்பு, வேஷம் கட்ட ஓர் அறை, இதெல்லாம் சீக்கிரம் நகரும். ஏன்னா ஒன்றியப் பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்துல எழுதிடலாம். பள்ளிப் பிள்ளைங்களுக்குக் கோடை விடுமுறையில அடவும் பாட்டும் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியை அப்படி அளக்க முடியாது. ஆனா கூத்து அடுத்த தலைமுறைக்குப் போகணும்னா அதைத்தான் முதல்ல கேக்கணும். அளவுக்குப் பதிலா தினசரி வருகைப் பதிவேடு, தேதியோட புகைப்படம், வாத்தியார், மிருதங்கக்காரர், ஹார்மோனியக்காரர் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி ரசீது வச்சிக்கோங்க. 5,000 ரூபாய்க்கு மேல போற ரசீதுல ஒரு ரூபா வருவாய் முத்திரை ஒட்டி, அது மேல கையெழுத்து வாங்கணும்.

பணத்தை வாங்கிறதுக்குக் குழுவுக்கு ஒரு சட்ட வடிவம் வேணும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ல ஏழு பேர் இருந்தா போதும், மாவட்டப் பதிவாளர்கிட்ட பதியலாம். சங்கத்தோட பேர்லயே பான் அட்டை, வங்கிக் கணக்கு. வாத்தியாரோட சொந்தக் கணக்குக்குப் பணம் வந்தா அது அவர் வருமானமா நிக்கும், பங்கு பிரிக்கிறதுல குழுவே உடையும். வருஷா வருஷம் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் பண்ணணும். பதிவு பண்ணதோட விட்டுடறவங்கதான் அதிகம். நிதி வர்ற நேரத்துல அங்கதான் மாட்டிக்கிறாங்க.

ஊராட்சியை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு கலைஞரும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல உறுப்பினரா சேருங்க. உங்களுக்குக் காஞ்சிபுரத்துல இருக்கிற மண்டலக் கலை பண்பாட்டு மையம்தான். ஆதார், வங்கிப் புத்தகம், வாரிய அட்டை மூணுலயும் பேரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கான்னு முதல்ல பாருங்க. கூத்துல ஊர்ப் பேர், பட்டப் பேர் சேர்த்துச் சொல்ற வழக்கம் உண்டு, அதையே ஒரு அட்டையில எழுதிட்டா உதவித்தொகை திரும்பிப் போயிடும். அந்த வாரிய அட்டை இருந்தா, இசைக்கருவி, ஆடை அணிகலன் வாங்க இயல் இசை நாடக மன்றம் கொடுக்கிற 10,000 ரூபாய்க்கு அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கலாம். தோள்ல கட்டுற புஜக்கட்டை, கிரீடம் செய்றவர்கிட்ட அச்சடிச்ச பில் இருக்காது. அதனால பொருள் பேர், எண்ணிக்கை, விலை, அவர் முகவரி எல்லாம் எழுதின ரசீதை வேலை கொடுக்கும்போதே பேசி வாங்கிடுங்க.