பிந்தாநாள் வருகிறேன்

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைகளின் கற்பனையைப் பற்றி, அவர்களாகவே புதிதாக ஒன்றைச் செய்துவிடுகிற திறமையைப் பற்றி வானொலியில் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் 32 வருடம் பாடம் நடத்தியவள் நான். இந்த விஷயத்துக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் எனக்குப் போதாது. கிடைத்த நேரத்தில் சொல்லிப் பார்க்கிறேன்.

என்னிடம் 11 நோட்டுகள் இருக்கின்றன. பிள்ளைகள் சொன்னது, கட்டியது, பிரித்துப் போட்டது, பேர் வைத்தது எல்லாவற்றையும் அன்றன்றைக்கே குறித்து வைத்த நோட்டுகள். மதிப்பெண் போடுவதற்காகக் குறித்ததில்லை. எழுதாவிட்டால் சாயங்காலத்துக்குள் மறந்துபோகும். மறந்துபோனால், இப்படி ஒன்று நடந்தது என்பதற்கு உலகத்தில் சாட்சியே இருக்காது.

முதல் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு சொல் இருக்கிறது: கைச்சட்டை. சொன்னவளுக்கு 4 வயது. சட்டையைப் போடும்மா என்றதற்கு, "இது சட்டை இல்ல, கைச்சட்டை" என்றாள். ஏன் என்று கேட்டேன். "காலுக்குப் போட்டா கால்சட்டை. அப்போ இது கைச்சட்டைதானே?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கு வரைக்கும் இல்லை.

இன்னொரு பையன். நேற்றைக்கு முந்தின நாளை முந்தாநாள் என்கிறோம், இல்லையா? அதைக் கேட்டு வைத்திருந்தவன், நாளைக்கு அடுத்த நாளுக்குத் தானாகவே ஒரு பேர் வைத்துவிட்டான். பிந்தாநாள். "டீச்சர், பிந்தாநாள் லீவா?" முந்துவதும் பிந்துவதும் ஜோடி என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தமிழில் சொற்கள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதைக் காதால் கேட்டே பிடித்துக்கொண்டு, அதே அச்சில் தானும் ஒன்று வார்த்துவிட்டான். நாம் இதைத் தப்பு என்று திருத்துகிறோம், அல்லது மழலை என்று ரசித்துவிட்டுப் போய்விடுகிறோம். நின்று பார்த்தால் அங்கே ஒரு சின்ன இலக்கண ஆசிரியர் உட்கார்ந்திருப்பது தெரியும்.

சரி, சொல்லோடு நிற்பதில்லை அவர்கள். இப்போது ஒரு தராசுக் கதை. இதைச் சொல்லாமல் நான் எந்த இடத்திலிருந்தும் எழுந்து வந்ததில்லை.

இரண்டாம் வகுப்பு. இரண்டு சிறுமிகள், நடுவில் ஒரு பெரிய களிமண் உருண்டை. ஆளுக்குப் பாதி என்று சொல்லியிருந்தேன். பிரித்தார்கள். உனக்குத்தான் அதிகம், உனக்குத்தான் அதிகம் என்று சண்டை. இருங்கள், தராசு எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு அலமாரிக்குப் போனேன். அலமாரி பூட்டியிருந்தது. சாவியைக் காணோம். மேசை இழுப்பறையில் தேடினேன், பையில் தேடினேன், ஜன்னல் ஓரத்தில் தேடினேன். ஐந்து நிமிடம் போயிருக்கும்.

திரும்பிப் பார்த்தால் அவர்கள் தராசே செய்து வைத்திருக்கிறார்கள். நாடகத்துக்காக வைத்திருந்த உடுப்புகளில் ஒன்றைக் கழற்றி, அதன் கம்பி ஹேங்கரைக் கதவின் தாழ்ப்பாளில் மாட்டியாகிவிட்டது. இரண்டு முனையிலும் நூல், நூலில் டப்பா மூடி. ஆனால் ஒன்றுமே வைக்காதபோதும் அது இடது பக்கம் சாய்ந்தது. பெரியவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. மற்றவள், இத்தனைக்கும் வகுப்பில் வாயே திறக்காதவள், தன் பங்கிலிருந்து ஒரு மிளகு அளவு களிமண்ணைக் கிள்ளி வலது பக்கக் கம்பியில் ஒட்டினாள். இன்னும் கொஞ்சம். இன்னும் துளி. கம்பி நேராக நின்றது. "இப்போ அதுக்குக் கோபம் போயிடுச்சு" என்றாள்.

அதோடு விட்டார்களா? இரண்டு பங்கையும் வைத்துச் சரிபார்த்த பிறகு பெரியவள் சொல்கிறாள்: "இடத்த மாத்தி வச்சுப் பாரு. அப்பவும் நேரா நின்னாதான் நம்புவேன்." துல்லியமாக எடை பார்க்கிறவர்கள் தட்டை மாற்றி வைத்து இரண்டாம் முறை நிறுத்துப் பார்ப்பது பழைய வழக்கம். தராசில் இருக்கிற கோணல் அதில் வெளிப்பட்டுவிடும். 7 வயதில், ஒரு சண்டையைத் தீர்ப்பதற்காக, அந்த முறையை அவள் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள்.

சாவி அப்புறம் என் புடவைத் தலைப்பிலேயே முடிந்திருந்தது தெரிந்தது. அது முன்னாலேயே கிடைத்திருந்தால் நான் நல்ல தராசைக் கொண்டு வந்து வைத்திருப்பேன். பங்கும் சரியாகப் பிரிந்திருக்கும். இது எதுவும் நடந்திருக்காது. அன்றிலிருந்து எனக்குள் ஒரு பேர் வைத்துக்கொண்டேன்: சாவி தேடுகிற நேரம். உதவிக்கு ஓடுவதற்கு முன்னால் கொஞ்சம் சாவி தேடுகிற நேரம் விடவேண்டும். இன்றைக்கு இதைத்தான் சொல்ல வந்தேன், இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

பிள்ளைகளுக்கு ஏன் ஹேங்கரில் தராசு தெரிகிறது, நமக்கு ஏன் தெரிவதில்லை? கார்ல் டங்கர் என்று ஜெர்மனியில் ஓர் உளவியலாளர் இருந்தார். அவர் ஒரு சோதனை வைத்தார். ஒரு மெழுகுவத்தி, ஒரு தீப்பெட்டி, ஒரு சின்ன டப்பா நிறையப் பின்கள். மெழுகுவத்தியைச் சுவரில் நிற்க வைக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கிற நீங்களும் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பின்களைக் கொட்டிவிட்டு, டப்பாவைச் சுவரில் குத்தி, அதன்மேல் மெழுகுவத்தியை வைக்கலாம். டப்பாவைக் காலியாகக் கொடுத்தால் பெரியவர்களுக்கு இது சுலபமாகத் தோன்றுகிறது. பின்களோடு கொடுத்தால் பலருக்குத் தோன்றுவதே இல்லை. டப்பா என்றால் உள்ளே போட்டு வைப்பதற்கு என்று மனது முடிவு செய்துவிடுகிறது.

இதே மாதிரி ஒன்றை டிம் ஜெர்மன், கிரேட்டா டெஃபைட்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிள்ளைகளிடம் செய்து பார்த்து 2000-ஆம் ஆண்டில் எழுதினார்கள். ஒரு பொம்மை உயரமான பலகையை எட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு பெட்டி, உள்ளே சாமான்கள். பெட்டியைக் காலி செய்து ஏறி நிற்க வைக்கலாம். 6, 7 வயதுப் பிள்ளைகள் நம்மைப் போலவே தடுமாறினார்கள். 5 வயதுப் பிள்ளைகளுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. பெட்டி நிறைந்திருந்தால் என்ன, காலியாக இருந்தால் என்ன, அவர்களுக்கு ஒன்றுதான். அட்டைப்பெட்டி வந்த வீட்டில் இது எல்லாருக்கும் தெரிந்த கதை. உள்ளே இருக்கிற பொருள் நமக்கு, பெட்டி அவர்களுக்கு. காலையில் அது கப்பல், மத்தியானம் மருத்துவமனை, ராத்திரி அதிலேயே தூங்கிப் போவார்கள்.

இதற்காகப் பிள்ளைகளுக்கு எல்லாம் தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் பெட்டி என்ற ஒரு காகம் இருந்தது. நம் பெட்டி இல்லை, அதன் பேரே அதுதான். ஒரு குழாயின் அடியில் கிடந்த சின்ன வாளியை எடுப்பதற்கு அது நேரான கம்பியைக் கொக்கியாக வளைத்தது. அந்தச் செய்தி வந்தது 2002-இல். அப்புறம் பிரிட்டனில் பிள்ளைகளுக்கும் அதே மாதிரி ஒரு வேலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 5 வயதுக்குக் கீழே மிகச் சிலருக்குத்தான் கம்பியை வளைக்கத் தோன்றியது. 8 வயதில்கூட எல்லாருக்கும் தோன்றவில்லை. ஆனால் யாராவது ஒருமுறை வளைத்துக் காட்டினால் போதும், உடனே பிடித்துக்கொண்டார்கள். என் நோட்டுகளும் அதைத்தான் சொல்கின்றன. ஒரு பிள்ளை ஒட்டிய களிமண்ணைப் பார்த்துத்தான் இன்னொன்றுக்கு இடம் மாற்றிப் பார்க்கத் தோன்றுகிறது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போது அது வளர்கிறது.

எவ்வளவு தூரம் வளரும்? ஒரு மொழியே உண்டாகிற அளவுக்கு வளரும். மத்திய அமெரிக்காவில், நிகராகுவா என்ற நாட்டில் நடந்தது.

அந்த நாட்டில் காது கேளாத பிள்ளைகள் அதுவரை பெரும்பாலும் அவரவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். வீட்டாரோடு பேசக் கொஞ்சம் சைகைகள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மாதிரி. 1977-இல் தலைநகர் மனாகுவாவில் ஒரு சிறப்புப் பள்ளி தொடங்கியது. 1980-களின் தொடக்கத்தில் அந்த நகரத்துப் பள்ளிகளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிஷ் கற்கச் சொன்னார்கள். அது பெரும்பாலும் ஏறவில்லை. ஆனால் பள்ளிப் பேருந்திலும் விளையாட்டு மைதானத்திலும் பிள்ளைகள் கையாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். உன் வீட்டுச் சைகை, என் வீட்டுச் சைகை, இரண்டும் கலந்து மூன்றாவது. ஆசிரியர்களுக்கு அது என்னவென்று புரியவில்லை. 1986-இல் ஜூடி கெகல் என்ற அமெரிக்க மொழியியலாளரை வரவழைத்தார்கள். அவர் பார்த்தது, பிறந்துகொண்டிருக்கிற ஒரு மொழி. முதலில் வந்த மூத்த பிள்ளைகளைவிட, பின்னால் வந்த சின்னப் பிள்ளைகளின் கைகள் இன்னும் வேகமாக, இன்னும் ஒழுங்காகப் பேசின.

இந்த இடத்தில் நீங்கள் உங்கள் கையைக் கொஞ்சம் தூக்க வேண்டும். வண்டி ஓட்டுகிறவர்கள் மட்டும் வேண்டாம். ஒரு பூனை சரிவான தெருவில் உருண்டுகொண்டே இறங்குகிறது. பேசாமல், கையால் மட்டும் அதைக் காட்டுங்கள். கையைச் சுழற்றிக்கொண்டே கீழே கொண்டு வந்தீர்கள் அல்லவா? சுழற்சியும் இறக்கமும் ஒரே அசைவில். முதலில் வந்த பிள்ளைகளும் பெரும்பாலும் அப்படித்தான் காட்டினார்கள். பின்னால் வந்த சின்னவர்கள் அதை இரண்டாகப் பிரித்தார்கள். முதலில் 'உருள்', அப்புறம் 'கீழே'. ஆன் செங்காஸ் என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் 2004-இல் இதை வெளியிட்டார்கள். பிரித்தால் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். நாம் 'உருண்டு', 'இறங்கியது' என்று தனித்தனிச் சொல்லாக வைத்திருப்பதால்தான் உருண்டு ஏறலாம், நடந்து இறங்கலாம், தவழ்ந்து போகலாம். ஒரே அசைவாக இருக்கிறவரை அது நடிப்பு. பிரித்த பிறகு அது சொல். இப்படிப் பிரிக்க வேண்டும் என்று அந்தச் சின்னவர்களுக்கு எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. சொல்வதற்கு அப்படி ஒரு மொழி எந்தப் பெரியவருக்கும் தெரியாது. நிகராகுவாவில் காது கேளாதோரின் மொழி இன்றைக்கு அதுதான்.

சாவி தேடுகிற நேரம் என்றேனே, இங்கே அது பேருந்துப் பயணம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

லூயி பிரெய்லையும் சொல்ல வேண்டும். பாரிஸில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தவன். சார்லஸ் பார்பியே என்ற பெரியவர் 1821-இல் அங்கே ஒரு புள்ளி எழுத்து முறையைக் கொண்டு வந்தார். ஓர் அடையாளத்துக்கு 12 புள்ளிகள் வரைக்கும். அதைத் தடவிப் பார்த்தபோது லூயிக்கு 12 வயது. அதில் என்ன கோளாறு என்று அவனுடைய விரலுக்குத்தான் தெரிந்தது. அடையாளம் விரல் நுனிக்குள் அடங்கவில்லை, மேலும் கீழும் தேட வேண்டியிருந்தது. கண் தெரிந்த பார்பியேவுக்கு அது உறைக்கவில்லை. மூன்று வருடம் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் குத்திக் குத்திப் பார்த்து, 1824-இல், 15 வயதில், 6 புள்ளிகளுக்குக் கொண்டு வந்துவிட்டான். ஒரே தொடுதலில் ஓர் எழுத்து. அந்தப் பள்ளி அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1854-இல். லூயி இறந்து இரண்டு வருடம் கழித்து. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனது தாங்காது. சின்னப் பையன் சொல்வது சரி என்று ஒத்துக்கொள்ளப் பெரியவர்களுக்கு 30 வருடம் தேவைப்பட்டிருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் பாக்கி. பிள்ளைகளின் ஓவியத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வைத்திருந்தேன். வீட்டுச் சுவரையும் வரைந்து, உள்ளே படுத்திருக்கிற பாட்டியையும் வரைவார்களே, அது தெரியாமல் வரைவதில்லை, பாட்டி உள்ளே இருப்பது தெரிந்ததால் வரைவது. இன்னொரு தடவை அழைத்தால் விரிவாகச் சொல்கிறேன். முடிக்கும் முன்னால் இன்னொன்று மட்டும். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் 1943-இல் தோட்ட வடிவமைப்பாளர் சோரன்சன் யோசனைப்படி ஒரு விளையாட்டு மைதானம் திறந்தார்கள். ஊஞ்சல், சறுக்குமரத்தை நம்பி அமைத்ததில்லை. பலகை, செங்கல், கயிறு, மண். கட்டடம் கட்டுகிற இடங்களில்தான் பிள்ளைகள் ஆசையாக விளையாடுகிறார்கள் என்று அவர் கவனித்திருந்தார். அவ்வளவுதான், கவனித்திருந்தார். வீட்டில் ஒரு மூலையும் நாலு டப்பாவும் இருந்தால் அந்த மைதானத்தில் பாதி வந்துவிடும்.

நேரம் முடிந்துவிட்டது. என் பதினோராவது நோட்டில் இன்னும் சில பக்கங்கள் பாக்கி இருக்கின்றன. பிந்தாநாள் சொன்ன பையனுக்கு இப்போது ஒரு மகள், 3 வயது. அட்டைப்பெட்டியில் ஏதோ கட்டி வைத்திருக்கிறாளாம், என்னவென்று போனில் சொல்ல மாட்டேன், வந்து பார் என்கிறாள். எப்போது வரட்டும் என்று கேட்டேன். அவளும் பிந்தாநாள் என்றுதான் சொன்னாள்.

வணக்கம்.