எல்லை தாண்டிக் கோழி வாங்குகிற ஊர்

(பேரளத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாடுகள் சந்திக்கிற பாசல் நகரத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். காரைக்காலுக்குப் போய் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருகிற உங்களுக்கு எல்லையைப் பற்றி நான் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 1954 நவம்பர் வரை அது பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கிற குடும்பங்கள் இன்றைக்கும் அங்கே உண்டு.

பாசல் இருப்பது சுவிட்சர்லாந்தில், ரைன் ஆறு வடக்கே திரும்புகிற இடத்தில். 8ஆம் எண் டிராமில் ஏறினால் ஜெர்மனி, 3ஆம் எண்ணில் ஏறினால் பிரான்ஸ். 10ஆம் எண் டிராம்தான் வேடிக்கை: சுவிஸில் புறப்பட்டு, லேமென் என்கிற பிரெஞ்சுக் கிராமத்தில் நின்று, மறுபடி சுவிஸுக்குள் போய்விடும்.

ஊருக்கான விமான நிலையம் பிரெஞ்சு மண்ணில் இருக்கிறது. 1949இல் போட்ட ஒப்பந்தப்படி பிரான்சும் சுவிஸும் சேர்ந்து நடத்துகின்றன. பாசலிலிருந்து அதற்கு வேலி போட்ட தனிச்சாலை. நகருக்குள் இருக்கிற ஒரு ரயில் நிலையத்தையோ ஜெர்மன் ரயில்வே நடத்துகிறது. காவிரித் தண்ணீருக்கு இரண்டு மாநிலங்கள் படுகிற பாட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

சரி, எல்லையே இல்லையா என்றால், இருக்கிறது. 2008இல் ஆளுக்கு வழக்கமான பாஸ்போர்ட் சோதனையை எடுத்துவிட்டார்கள். ஆனால் சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால் சரக்குக்குச் சுங்கம் உண்டு. காலையில் பிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் பாசலின் மருந்து நிறுவனங்களுக்கு வேலைக்கு வருகிறார்கள். சம்பளம் சுவிஸ் பிராங்கில், வீட்டு வாடகை யூரோவில். கெட்டிக்காரர்கள்! சனிக்கிழமை ஆனால் பாசல்காரர்கள் எதிர்த்திசையில் கிளம்பி, ஜெர்மனியின் வைல் ஊரில் கோழியும் வெண்ணெயும் வாங்குகிறார்கள். பணக்கார நாடுதான்; இருந்தாலும் கோழி மலிவாகக் கிடைத்தால் யார் விடுவார்கள்? இறைச்சி தலைக்கு ஒரு கிலோ வரை வரியில்லை. மொத்தச் சாமானுக்கு இருந்த 300 பிராங்க் சலுகையை 2025இல் 150ஆகக் குறைத்துவிட்டார்கள். அது போக, சுவிஸில் குடியிருப்பவர்கள் ஜெர்மன் சுங்கத்தில் சீட்டில் முத்திரை வாங்கினால், அங்கே கட்டிய விற்பனை வரியும் திரும்பக் கிடைக்கும்.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் அங்கே குடியேறிய ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி. கடையில் கூட்டிப் பார்த்துவிட்டு, "50 யூரோவுக்கு மேலே வரவேணும் அண்ணை, இல்லாட்டிச் சீட்டுத் தரமாட்டினம்" என்று இன்னொரு பை பாசுமதி அரிசியைத் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டார்.