பணம் யார் பெயருக்குப் போகிறது?

மதுரை சிம்மக்கல்லில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நம் பக்கத்தில் மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்கும் அழைத்துப் போவார். அதே மனிதர், முகம் தெரியாத ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் சொன்னதை நம்பி, பங்கு வர்த்தகத்துக்கென்று மூன்று லட்சம் அனுப்பிவிடுகிறார்.

திருமங்கலத்தில் என் மைத்துனர் அப்படித்தான் அனுப்பினார். கணக்கு ஆசிரியராக ஓய்வு பெற்றவர். "சோதித்துப் பார்த்துத்தான் போட்டேன் மச்சான். முதலில் இரண்டாயிரம் எடுத்தேன், உடனே வந்தது" என்றார். அந்த இரண்டாயிரம்தான் தூண்டிலில் குத்திய புழு. கைப்பேசித் திரையில் பணம் பதினொரு லட்சமாக வளர்ந்தது. எடுக்கப் போனபோது, லாபத்துக்கு வரி கட்டினால்தான் தருவோம் என்றார்கள். கடன் வாங்கி அதையும் கட்டினார். பங்கு லாபத்துக்கான வரியை நாம் வருமான வரித் துறைக்குத்தான் கட்டுகிறோம். நம் பணத்தை விடுவிக்க நம்மிடமே வரி கேட்பவன் தரகன் அல்ல, திருடன்.

அவர்கள் அனுப்பிய சான்றிதழில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் பதிவு எண் இருந்தது. செபியின் இணையதளத்தில் தேடினேன். எண் உண்மையானது, ஆனால் அது வேறொரு நிறுவனத்தின் எண். அங்கே இருந்த தொலைபேசியும் மின்னஞ்சலும் வேறு. எண் உண்மை, ஆள் பொய். ஆகவே அவர்கள் கொடுக்கும் எண்ணில் பேசாதீர்கள். செபி பக்கத்தில் உள்ள எண்ணில் நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

முதலாளி யார் என்று பார்க்கவும் வழி உண்டு. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இயக்குநர்களின் பெயரும் நிறுவனம் தொடங்கிய தேதியும் கிடைக்கும். ஆனால் கம்பெனி பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். அப்படி ஒரு கம்பெனி இருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி. பங்குத் தரகு செய்ய அனுமதி செபியிடமிருந்து வர வேண்டும். அந்நியச் செலாவணி வர்த்தகம் என்றால், ரிசர்வ் வங்கி 2022 முதல் வெளியிட்டுவரும் எச்சரிக்கைப் பட்டியலையும் பாருங்கள். அதில் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு நிறுவனம் நல்லதாகிவிடாது.

எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது பணம் போகும் கணக்கின் பெயரை. மைத்துனர் ஐந்து தவணையாக அனுப்பினார். ஐந்தும் ஐந்து பெயர்களுக்கு. ஒன்று ஒரு துணிக்கடையின் பெயர்! கணக்குப் பாடம் நடத்திய மனிதர் இதைப் பார்க்கவில்லையே என்று இன்றும் என் மனம் ஆறவில்லை. பதிவு பெற்ற தரகர்களுக்கென்று 2025 அக்டோபர் முதல் தனி யு.பி.ஐ. முகவரி வந்திருக்கிறது, அதில் 'வேலிட்' என்ற சொல் ஆங்கில எழுத்தில் இருக்கும். செபி நடத்தும் 'செபி செக்' என்ற இணையப் பக்கத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் இருக்காதீர்கள். உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க முடியும். என் மைத்துனர் அழைத்தது ஒன்பதாம் நாள்.

கூட்டம் முடிந்தபின் நான் இங்கேதான் இருப்பேன். நீங்கள் பணம் போட நினைக்கும் நிறுவனத்தின் பெயரைச் சொல்லுங்கள், சேர்ந்தே தேடிப் பார்ப்போம்.